சனிக் கிரகத்துக் கதையின் கடைசிப் பக்கம்

நார்வேக்காரர்கள் தோளைத் தொட்டு யாரையும் எழுப்ப மாட்டார்கள். பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார்கள். அப்படி ஒரு செருமல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். ரயில் ஓட்டும் பெண் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

"எண்டஸ்தஷூன்" என்றாள். கடைசி நிலையம், இறங்கு என்று அர்த்தம்.

நான் தூங்கவில்லை. மடியில் புத்தகம் திறந்திருந்தது. ஒஸ்லோ நகரத்தின் நடுவில் அலுவலகம், நகரத்தின் ஓரத்தில் ரொம்சோஸில் வீடு. ரொம்சோஸ் நிலையத்தை மலையைக் குடைந்து பாறைக்குள் கட்டியிருக்கிறார்கள். வண்டி உள்ளே நுழைந்தால் சத்தமே மாறிவிடும், செவிடருக்கும் தெரியும். அதையும் தாண்டிக் கடைசி வரைக்கும் போயிருக்கிறேன்.

இறங்கி நடைமேடையில் முன்னும் பின்னும் நடந்தேன். கோடைக்காலம். சாயங்காலம் என்று கடிகாரம் சொன்னது, வெயில் நம்பவில்லை. எனக்கு ஒரே கோபம். புத்தகத்தை மறுபடி திறந்து அதே வரியைப் பார்த்தேன்.

"கதவு மெல்லத் திறந்தது. சபேசன் உள்ளே எட்டிப் பார்த்தான். உள்ளே"

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை. பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம். கீழே பொடி எழுத்தில் தொகுப்பாசிரியரின் குறிப்பு: இந்தக் கதையின் கடைசிப் பக்கம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை, யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள், அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம்.

சிறுமியாக இருந்தபோதும் இதே வரியில்தான் இந்தக் கதை எனக்கு நின்றுபோனது. இத்தனை வருஷம் கழித்து, புத்தம்புது அச்சில், கடல் தாண்டி வந்தும் அதே இடத்தில் நின்றால் கோபம் வராதா?

மாத்திரை சாப்பிடும் மனிதர்கள்

சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் பழைய வார இதழ்களில் வந்த விஞ்ஞானக் கதைகளைத் தேடி எடுத்துத் தொகுதி தொகுதியாக மறுபதிப்புச் செய்துகொண்டிருந்தது. தெரிந்தவுடன் தபாலில் வரவழைத்தேன். பொட்டலம் வந்த அன்று அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது என் தொழில். அன்று என் கண்ணில் ஒரு தப்பும் படவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

அந்தக் கதைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவற்றில் வரும் எதிர்கால மனிதர்கள் சோறு சாப்பிடுவதில்லை, மாத்திரைதான். ஆனால் மாத்திரையை மனைவிதான் கொண்டுவந்து கொடுப்பாள். செவ்வாய்க் கிரகத்துக் குடியிருப்பில் விடிந்தால் வாசலில் கோலம் இருக்கும். விஞ்ஞானி என்றால் தாடி, தாடி என்றால் அழகான ஒரு மகள். இயந்திர மனிதன் "உத்தரவு எஜமான்" என்பான், இரண்டாம் பக்கத்தில் காதலித்துத் தொலைப்பான்.

எல்லாரிடமும் முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி இருக்கும். அதில் பேசுகிறவர்கள் எல்லாம் அலங்காரம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திருச்சியிலிருந்து அம்மா என்னோடு அப்படித்தான் தினமும் பேசுவாள். ஆனால் போனைக் காதில் வைத்துக்கொள்வாள். வருஷக்கணக்காக நான் அம்மாவின் காதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். இதை எந்த எழுத்தாளரும் ஊகிக்கவில்லை.

கிண்டல் செய்கிறேனே தவிர, அந்தக் கதைகள்தான் என்னைக் கெடுத்தன. உறையூர் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு வேறெங்கோ போக வேண்டும் என்று கால் பரபரத்ததற்கு அவைதான் காரணம். கால் இன்னும் அடங்கவில்லை.

மறுபதிப்பில் ஒரே ஒரு குறை. தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரத்தில் தலைமுடித் தைல விளம்பரம் இல்லை. முதல் பாதி வெட்டுப்பட்டுப் போன நகைச்சுவைத் துணுக்கு இல்லை. எனக்கு அந்தப் பாதித் துணுக்குகள் இல்லாமல் கதை படித்துப் பழக்கமில்லை.

அம்மா வந்திருந்தாள்

அந்தக் கோடையில் அம்மா என்னோடு இருந்தாள். முதல் வாரத்திலேயே ஊர் பிடிக்காமல் போய்விட்டது.

"இந்த ஊர்ல சூரியனுக்கு வீடு வாசல் கிடையாதாடி? போய்த் தொலைய மாட்டேங்குதே" என்பாள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்கினாள்.

அவள் வந்தது என்னைப் பார்க்க மட்டுமல்ல, ஒரு பதில் வாங்கிக்கொண்டு போக. அப்பா போனபிறகு உறையூர் வீட்டில் தனியாக இருக்கிறாள். அடுத்த வீட்டு டாக்டர் வீட்டைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்ரீரங்கத்தில் சித்தி இருக்கும் குடியிருப்பிலேயே ஒரு வீடு காலியாக இருந்தது. அம்மாவுக்கு அங்கே போவதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் திரும்பி வருவதாக இருந்தால் வீட்டை விற்கமாட்டாள்.

"வர்றேன்னா வர்றேன்னு சொல்லு. இல்லேன்னா இல்லைன்னு சொல்லு. ஒரே வார்த்தை. அதைச் சொல்றதுக்கு என்ன கேடு?"

எனக்குக் கேடுதான். வந்துவிடுவேன் என்று சொன்னால் பொய். வரமாட்டேன் என்று சொன்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். பிறகு அலுவலகத்தில் வேலை அதிகம் என்றேன். பிறகு புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிற நீங்களும் போன வாரம் நான் பனியில் வழுக்கி விழுந்த கதையைப் படித்துவிட்டு, "எப்போது ஊருக்கு வந்து செட்டிலாகப் போகிறீர்கள்?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். நன்றி. அம்மா ஒருத்தி போதும்.

அம்மா ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வேறு தினமும் போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

கத்தரிக்கோல் சண்டை

எங்கள் வீட்டில் வார இதழை வாசிப்பது முதல் வேலை, வெட்டுவது இரண்டாவது வேலை. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. பிடித்த தொடரை வாராவாரம் வெட்டி எடுத்து, அடுக்கிவைத்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துப் புத்தகமாக்கி வைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்குக் குடும்பத் தொடர்கள். அப்பாவுக்கு விஞ்ஞானக் கதைகள். அம்மா அவற்றை "ஸ்குரூ டிரைவர் கதை" என்பாள். ஒன்றையும் படித்ததில்லை.

முழு இதழ் என் கைக்கு வராது. குடும்பத் தொடரில் குழந்தைகள் படிக்கக் கூடாத சங்கதி இருக்குமாம். அதனால் அப்பா வெட்டி, நூல் கோத்துக் கொடுப்பதுதான் எனக்கு.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஒரே தாளில் ஒரு பக்கம் அப்பாவின் கதை, மறுபக்கம் அம்மாவின் தொடர் இருந்தால். அன்றைக்கு வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடக்கும். அப்பா லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார். கடைசியில் அம்மாதான் ஜெயிப்பாள், அப்பா உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போய், அதே வாரத்து இன்னொரு பிரதியைக் குப்பையிலிருந்து கிளறி எடுத்து வருவார். சட்டையெல்லாம் தூசியாக இருக்கும், முகத்தில் வெற்றிக் களை சொட்டும்.

'மாற்று ஆள்' என்ற கதைக்கு மட்டும் அப்படி நடக்கவில்லை. அதன் கடைசிப் பக்கத்தின் மறுபுறம் அம்மாவின் புதுத் தொடர் ஆரம்பமாகியிருந்தது. பெரிய படம், சிவப்பு மையில் தலைப்பு, கண்ணாடி முன்னால் நிற்கும் கதாநாயகி. தொடரின் பெயரை எழுதமாட்டேன், நான் கேலி செய்கிறேன் என்று அம்மா சண்டைக்கு வருவாள். நாயகியின் பெயர் ராகவி என்பது போதும்.

அப்பா சண்டை போடவில்லை. "முதல் அத்தியாயம் இல்லாம உங்கம்மா எப்படிப் படிப்பா?" என்று தாளை நீட்டிவிட்டார். பழைய பேப்பர் கடைக்கும் போகவில்லை. அப்போது எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பிறகு மறந்துவிட்டேன்.

முதுகைப் பார்த்துக் கேட்ட முடிவு

கதை இதுதான். சனிக் கிரகத்தின் ஒரு நிலவில் சமிக்ஞை நிலையம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள், சபேசன். வேலைக்காலம் முடிந்ததும் மாற்று ஆள் வருவான், நீ கிளம்பலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காத்திருக்கிறான். வானொலியில் பூமியின் குரல் மெல்ல மெல்ல மங்குகிறது. கடைசியில் ஒருநாள் கப்பல் வந்து இறங்குகிறது. கதவு திறக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்கிறான்.

உள்ளே?

தாளைப் புரட்டினால் அடுத்த கதை. நான் அழுதே விட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது சைக்கிளின் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அப்பாவைக் குடைந்தேன். அவர் திரும்பாமல், மிதித்துக்கொண்டே சொன்னார்.

"உள்ளே ஆளே இல்லை. ஒரு காலி நாற்காலி. அவனைக் கூட்டிட்டுப் போகத்தான் கப்பல் வந்திருக்கு. மாற்று ஆளெல்லாம் சும்மா."

"அப்புறம்?"

"அவன் ஏறலை. கதவைச் சாத்திக் கப்பலைத் திருப்பி அனுப்பிட்டான்."

"ஏன்ப்பா?"

"அங்கே ஒரு செடி வளர்த்தான்ல? அதுக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணாமா?"

அப்பாவின் சட்டை முதுகில் வியர்வை வட்டம் ஒன்று பெரிதாகிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்டேன். முகம் தெரியவில்லை.

அந்த முடிவு என்னை விடவே இல்லை. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், மதியமே இருட்டி, ஓர் ஆத்மாவும் பேசாமல், ஓடிவிடலாமா என்று தோன்றிய நாட்களில் சபேசனை நினைத்துக்கொள்வேன். அவனே ஏறவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஜன்னலில் ஒரு செடிகூட வைத்தேன். கறிவேப்பிலை. செத்துப்போயிற்று.

இப்போது ரயிலில் மறுபதிப்பைப் படித்தபோது ஒன்று உறுத்தியது. கதையில் செடியே இல்லை. முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். நிலையம் இருக்கிறது, வானொலி இருக்கிறது, பல் தேய்க்கும் பிரஷ்கூட இருக்கிறது. செடி இல்லை. ஒருவேளை கடைசிப் பக்கத்தில் வருமோ? அதைத் தேடித்தான் மறுபடி மறுபடி படித்து வெஸ்த்லி என்கிற கடைசி நிலையம் வரைக்கும் போயிருக்கிறேன்.

எதிர்ப்பக்க வண்டிக்காக நிற்கும்போதுதான் மூளையில் உறைத்தது. அப்பாவின் பைண்டுகள் ஒரு மழைக்காலத்தில் குழாய் உடைந்து கூழாகிப் போய்விட்டன. ஆனால் கடைசிப் பக்கம் அப்பாவின் பைண்டில் இல்லையே. அம்மாவின் பைண்டில் அல்லவா இருக்கிறது! அம்மாவின் பைண்டு எங்கே இருக்கிறது? நான் கேட்ட அப்பளப்பூவை விட்டுவிட்டு, "பொழுது போகணுமே" என்று பெட்டியில் அம்மா தூக்கிக்கொண்டு வந்த அந்த மூன்று தலையணைப் புத்தகங்களில் ஒன்று!

ரயில் ரொம்சோஸ் பாறைக்குள் நிற்பதற்கு முன்பே கதவருகில் போய் நின்றுகொண்டேன்.

ராகவிக்கு ஆபத்து

அம்மா பால்கனியில் உட்கார்ந்து கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் இரண்டாம் பாகம். முதல் பாகத்தைக் கட்டிலுக்கடியில் இருந்து எடுத்தேன். அட்டையைத் திறந்தால் இடதுபுறம் ராகவி கண்ணாடி முன்னால் நிற்கிறாள். சிவப்பு இன்னும் வெளுக்கவில்லை. தாளைப் புரட்டப் போனேன். புரளவில்லை.

பைண்டர் அந்தத் தாளின் வேண்டாத பக்கம் முழுவதும் பசையைத் தடவி அட்டையோடு அறைந்து ஒட்டியிருந்தார். சபேசனின் முடிவு அட்டைக்கும் ராகவிக்கும் நடுவில் சிக்கிக்கிடந்தது.

"வெந்நீர் ஆவி காட்டினா வந்துடும்" என்றேன்.

அம்மா ஓடிவந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். "என் ராகவிமேல கை வெச்சே, நடக்கிறதே வேற. இப்பத்தான் அவ புருஷன் திருந்தி வரப்போறான்."

"நூறு தடவை படிச்சாச்சேம்மா. திருந்திடுவான்னு தெரியாதா?"

"தெரிஞ்சா படிக்கக் கூடாதா? நீ அந்த ஸ்குரூ டிரைவரை இத்தனை வருஷமா மனசுல வெச்சிருக்கியே, அது மட்டும் என்ன?"

சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தேன். "உட்காரேண்டி, எனக்குத் தலை சுத்துது" என்றாள் அம்மா. கொஞ்சநேரம் கழித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, "மாடி வீட்டுப் பொண்ணைக் கேட்டுப்பாரு. பழைய பேப்பர்ல தானே அவளுக்கு வேலை?" என்றாள்.

மாடி வீட்டுப் பெண் அபிராமி. அவளுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர்கள், அவள் இங்கேயே பிறந்தவள். பழைய காகிதங்களைப் பழுது பார்ப்பது அவள் படித்த படிப்பு, பார்க்கும் வேலை. நாங்கள் பேசுவது அவளுக்கு சினிமா மாதிரி இருக்குமாம். அவள் பேசினால் அம்மா வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அபிராமி புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூக்கருகில் வைத்து முகர்ந்தாள்.

"மைதாப் பசை போலை கிடக்கு அக்கா. நல்ல காலம். வேறை பசை எண்டால் கையை விட்டிருப்பன்."

"எடுக்க முடியுமா?"

"ஏலும். ஆனா அவசரப்படக் கூடாது. படத்தை நனைக்காம, அட்டையைப் பின்பக்கத்தாலை கொஞ்சம் கொஞ்சமா உரிப்பம். கடைசிப் படைக்கு மட்டும் ஈரம் வைப்பம்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஆனா அன்ரி, தாள் கிழியாது எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். இது உங்கடை புத்தகம். நீங்கள்தான் சொல்ல வேணும்."

அம்மா ராகவியைத் தடவிக்கொடுத்தாள். வேண்டாம் என்று சொன்னால் நியாயம்தான். அவளுக்கு அதில் என்ன லாபம்?

"உங்க அப்பா முடிவெல்லாம் சொன்னாரே உனக்கு. அப்புறமும் பார்க்கணுமா?"

"பார்க்கணும்மா."

"ஏன்?"

"அந்த முடிவை நம்பித்தாம்மா இங்கே உட்கார்ந்திருக்கேன்."

இப்படிப் பச்சையாகச் சொல்லுவேன் என்று நானே நினைக்கவில்லை. அம்மா என்னை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு புத்தகத்தை அபிராமியிடம் கொடுத்தாள்.

"அடுத்த கிழமை எங்களுக்கு ஃபேரிய, ஊர் சுத்தப் போயிடுவன். சனிக்கிழமை எனக்கு ஃப்ரி. காலமையே வாறன்" என்றாள் அபிராமி. கிழமை என்றால் வாரம், ஃபேரிய என்றால் விடுமுறை. அதற்காகத்தான் இந்த நாடே வருஷம் முழுக்க வேலை செய்கிறது.

உரித்து எடுத்தது

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தோம். அபிராமி மெல்லிய தகட்டுக் கத்தி, ஒற்றுத்தாள், பஞ்சு எல்லாம் கொண்டுவந்திருந்தாள். முதலில் பஞ்சில் ஒரு துளி தண்ணீர் தொட்டு சிவப்புத் தலைப்பின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். மை கசியவில்லை. பிறகு அட்டையைப் பின்பக்கமிருந்து படை படையாக உரிக்க ஆரம்பித்தாள். அவளைப் போல நிதானமாக ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. எனக்குக் கை குறுகுறுத்தது. எட்டி எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, நீங்கள் போய்த் தேத்தண்ணி போடுங்கோ" என்றாள்.

"நல்லாச் சொல்லும்மா. டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தறேன்னு உடைச்சவ இவ" என்றாள் அம்மா.

தேநீர் போட்டேன். குடித்தோம். மறுபடி போட்டேன். ஈர ஒற்றுத்தாளை வைத்துவிட்டு அபிராமி காத்திருந்தாள். புளித்த கஞ்சி மாதிரி ஒரு வாசம் வந்தது. பைண்டரிடமிருந்து அப்பா புத்தகம் வாங்கி வந்த நாட்களில் கூடத்தில் அடித்த அதே பசை வாசம். அம்மா சட்டென்று எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனாள், திறக்காமலே திரும்பி வந்தாள்.

கடைசிப் படை ஈரத் துணி மாதிரி சுருண்டு வந்தது. ராகவி தப்பித்துவிட்டாள். அவள் முதுகில், பழுப்பேறி, அங்கங்கே எழுத்துத் தேய்ந்து, ஒரு பக்கம் தெரிந்தது. பாதிப் பக்கத்துக்குமேல் பற்பொடி விளம்பரம். மீதியில் ஏழெட்டு வரி. நான் உரக்கப் படித்தேன்.

"உள்ளே ஒரே கும்மிருட்டு! அப்போது ஒரு கை அவன் தோளை உலுக்கியது. 'சார்! எழுந்திருங்க சார்! கடைசி ஸ்டாப் வந்தாச்சு!' சபேசன் திடுக்கிட்டுக் கண் விழித்தான். எதிரே பஸ் கண்டக்டர். மடியில் வாரப் பத்திரிகை. 'சே! அத்தனையும் கனவா!' முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினான்."

முற்றும்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எழுதியவரின் புனைபெயர் மட்டுமே தெரியும், ஆள் யாரென்று தொகுப்பாசிரியருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே போன் போட்டுத் திட்டியிருப்பேன். கனவாம்! சனிக் கிரகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டு பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிறார்!

அப்பா ஏன் சண்டை போடவில்லை என்பது இப்போது விளங்கியது. பழைய பேப்பர் கடைக்கு ஏன் போகவில்லை என்பதும். இந்தப் பக்கம் தொலையட்டும் என்றுதான் அம்மாவிடம் தள்ளிவிட்டிருக்கிறார். பிறகு சைக்கிள் மிதித்துக்கொண்டே எனக்கு வேறொன்றைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

பக்கத்தைப் படம் எடுத்துத் தொகுப்பாசிரியருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ஐயோ, கனவுதானா?" அதோடு, சேர்க்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். அச்சில் வந்ததை அப்படியே போடுங்கள் என்று எழுதினேன். அப்பா சொன்னதை அவருக்குச் சொல்லவில்லை.

செடி எங்கே?

அபிராமி தாளை இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே என் கனத்த அகராதியைப் பாரம் வைத்துவிட்டு, நாளை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அம்மா அந்த அகராதியின்மேல் கை வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ செடி எங்கேடி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எந்தச் செடி?"

"அந்த ஆள் வளர்த்தானே, அந்தச் செடி."

"நீ அந்தக் கதையைப் படிச்சதே இல்லையே?"

"நான் எங்கே படிச்சேன்? உங்கப்பா சொன்னார்." அம்மா முந்தானையால் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "உன்னை முதல்முதல்ல இந்த ஊருக்கு பிளேன் ஏத்திட்டு, சென்னையிலிருந்து பஸ்ல திரும்பறோம். நான் விழுப்புரம் வரைக்கும் அழுதுட்டே வந்தேன். சனிக் கிரகத்துக்குப் போனவனே திரும்பி வந்தான், இவ வரமாட்டாளான்னு அவர் ஆரம்பிச்சார். கப்பல்ல ஒரு காலி நாற்காலி இருந்துச்சாம். அவன் அந்தச் செடியைத் தொட்டியோட தூக்கி மடியில வெச்சுக்கிட்டு ஏறி உட்கார்ந்துட்டானாம். நேரே வீட்டு வாசல்ல வந்து இறங்கினானாம். நான் அழுகையை நிறுத்திட்டேன்."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காரவும் தோன்றவில்லை.

"உனக்கு என்ன சொன்னார்?" என்றாள்.

மழுப்பியிருக்கலாம். பல வாரமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பசை வாசத்தில் பொய் வரவில்லை.

"ஏறலைன்னு சொன்னார்மா. செடிக்குத் தண்ணி ஊத்தணும்னு அங்கேயே இருந்துட்டான்னு சொன்னார்."

அம்மாவின் முகம் ஒரு கணம் விழுந்தது. எதைப் பார்க்கப் பயந்து இத்தனை நாள் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்தேனோ அதைப் பார்த்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரோடு, உடம்பு குலுங்கக் குலுங்க ஒரு சிரிப்பு.

"மனுஷனைப் பார்த்தியா? அவங்கவங்களுக்கு வேண்டியதைச் சொல்லி ரெண்டு பேரையும் சமாளிச்சுட்டு, அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "சரி, அவரும் இல்லை, அந்த எழுதினவனும் உளறிட்டான். இப்போ நீ சொல்லு. ஏறுவியா, மாட்டியா?"

"மாட்டேன்மா" என்றேன்.

சொல்லி முடித்ததும் எங்கேயாவது ஓடவேண்டும் போலிருந்தது. கால்கள் நகரவில்லை.

"இதைச் சொல்றதுக்கா இத்தனை நாள்?" என்றாள் அம்மா. எழுந்து, என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அழைத்தது டாக்டரை, முகம் பார்த்துப் பேசும் அழைப்பில். வழக்கம்போலக் காதில் வைத்துக்கொண்டாள். திருச்சியில் டாக்டர் அம்மாவின் காதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

"டாக்டர், வீடு உங்களுக்குத்தான். வந்ததும் பத்திரம் பண்ணிடலாம்" என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக நிறுத்தினாள்.

"ஆனா ஒண்ணு. வாசப்படிகிட்ட பெயிண்டு டப்பாவுல ஒரு குரோட்டன்ஸ் இருக்கு பாருங்க, அது எங்க வீட்டுக்காரர் வெச்சது. அதுக்கு மட்டும் நான் வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. அது என்கூட வரும்."